பிள்ளையை இறக்கிவிட்ட சனிக்கிழமை

‘கார் யோகன்’ என்றால்தான் கனடாவின் மொன்றியலில் என்னை ஆட்களுக்குத் தெரியும். யோகேந்திரன் என்ற முழுப்பெயர் என்னுடைய மருந்துப் போத்தலில் மட்டும்தான் இருக்கிறது. ரொக்ஸ்பரோ ரயில் பாதைக்குப் பக்கத்தில் சின்னதாக ஓர் இடம் எடுத்து, இருபத்திரண்டு வருடமாகப் பழைய கார் விற்கிறேன். பேய் பிசாசுக்கு நான் பயந்தவன் அல்லன். இந்த ஊரில் பயப்பட வேண்டியது இரும்பைத் தின்கிற கறளுக்குத்தான். பனிக்காலத்தில் றோட்டில் கொட்டுகிற உப்பு, ஒரு காரின் அடியை ஐந்தாறு வருடத்தில் தின்று முடித்துவிடும். அதனால் எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் குனிந்து காரின் அடியைப் பார்ப்பேன், பிறகுதான் வீட்டுக்காரரின் முகத்தைப் பார்ப்பேன். இது நல்ல பழக்கமில்லை என்று என் மனைவி பாலாம்பிகை சொல்வாள்.

போன மே மாதம் பியர்பொன்ட்ஸில் றோஸ்மேரி வீட்டு வாசலில் இறங்கியபோதும் அந்தப் பழக்கத்தோடுதான் இறங்கினேன். நல்ல வெயில். பக்கத்து வீட்டுக்காரன் பனிக்குக் கட்டியிருந்த கார்க் கூடாரத்தைக் கழற்றிக்கொண்டு நின்று “பொன்ஜூர்” என்றான். எல்லா வீட்டிலும் யன்னல் திறந்திருந்தது. றோஸ்மேரி வீட்டில் மட்டும் எல்லாம் இறுக்கிப் பூட்டியிருந்தது.

றோஸ்மேரியின் கணவன் டனிஸ்ரனை எனக்கு முப்பது வருடத்துக்கு மேலாகத் தெரியும். அவன் மன்னார், நான் யாழ்ப்பாணம். இருவரும் அகதியாக வந்த புதிதில் ஒரே கராஜில் கார் கழுவினோம். பிறகு அவன் விமான உதிரிப்பாகம் செய்யும் தொழிற்சாலைக்குப் போனான், வீடு வாங்கினான், மாதா கோயில் பாடகர் குழுவில் சேர்ந்தான். ஒரே பிள்ளை, றெபேக்கா. அவள் இருபத்துநாலு வயதில் இரத்தப் புற்றுநோயில் போனாள். முந்தின வருடம் ஒக்ரோபரில் அடக்கம். நானும் போயிருந்தேன்.

“யோகன் அண்ணை, இவரின்ரை காரை விக்கோணும். கெதியா விக்கோணும்” என்று றோஸ்மேரி போனில் சொன்னபோது, வழமையான ஏதோ கார் என்றுதான் நினைத்தேன்.

டனிஸ்ரன் கராஜ் கதவைத் தூக்கி, மூடியிருந்த துணியை இழுத்தான்.

ஓல்ட்ஸ்மொபில் 442. ஆயிரத்துத் தொளாயிரத்து எழுபதாம் ஆண்டுக் கார். கூரை திறக்கிறது. இரண்டே கதவு. கரும்பச்சைப் பெயின்ற், வெள்ளைத் தோல் சீற். ஒரு பண்ணையில் கோழி அடைகாத்துக் கிடந்த வண்டியை அப்பனும் மகளுமாகத் தேடிப் பிடித்து, மலைப்பக்கம் ஒரு பட்டறையில் விட்டு, மூன்று வருடமாகத் திருத்தி எடுத்தார்கள். அமெரிக்காக்காரன் முதன்முதலில் பாகம் பூட்டி வெளியே விட்ட நாளில்கூட அது அவ்வளவு வடிவாக இருந்திருக்காது. பச்சை நிறம் றெபேக்கா தெரிவுசெய்தது.

குனிந்து அடியைப் பார்த்தேன். ஒரு பொட்டுக் கறள் இல்லை. ஆனால் பின்பக்கம் வலது மூலை, மற்ற மூலையை விட இரண்டு விரல் பதிந்திருந்தது.

“ஸ்பிரிங் இளகிப்போச்சோ?”

“புதுசு. ரெண்டு தரம் மாத்தியாச்சு” என்றான் டனிஸ்ரன்.

“பிறகும் ஏன் பதிஞ்சு நிக்குது?”

அவன் இழுத்த துணியை மடிக்கத் தொடங்கினான். ஆள் பாதியாகிப் போயிருந்தான். சேட்டுக் கொலருக்குள் கழுத்து ஆடியது. றோஸ்மேரி கராஜ் நிலத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“ஒருக்கா ஓடிப் பாக்கிறன்” என்று கார்த் திறப்பை வாங்கினேன். நான் கதவைச் சாத்தும்போது டனிஸ்ரன் கிட்ட வந்து, “யோகன், ஹீற்றரை மட்டும் நிப்பாட்டாதை” என்றான்.

வெளியே நல்ல வெக்கை. இவனுக்கு மூளை கழன்றுவிட்டது என்று நினைத்துக்கொண்டே கூரையைத் திறந்துவிட்டு ஆற்றோரத் தெருவுக்கு ஓட்டினேன். என்ஜின் சத்தம் நெஞ்சுக்குள் கேட்டது. நடந்து போனவர்கள் கை காட்டினார்கள். கொஞ்ச நேரம் நானும் பெரிய ஆள்தான். காலில் ஹீற்றர் காற்று கொதித்தது. தாங்க முடியாமல் அதன் பிடியைக் குளிர்ப்பக்கம் தள்ளினேன்.

அது தானாகத் திரும்பிச் சூட்டுப் பக்கம் போனது.

மறுபடியும் தள்ளினேன். மறுபடியும் போனது. அவசரமில்லாமல், யாரோ ஒரு விரலால் தள்ளுகிறமாதிரிப் போனது.

அப்போதுதான் என் பிடரியில் குளிர் பட்டதைக் கவனித்தேன். காலில் நெருப்பு, கழுத்தில் குளிர். கூடவே ஒரு வாசம். ஆஸ்பத்திரி வாசலில் கைக்குப் பூசுகிற மருந்தும் குழந்தைப் பவுடரும் கலந்த வாசம். கூரை திறந்த காரில், ஆற்றங்காற்று அடிக்கையில், எந்த வாசமும் நிற்க வழியில்லை. அது நின்றது.

நான் கண்ணாடியில் பின்னால் பார்க்கவில்லை. ஏன் பார்க்கவில்லை என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

வீட்டு வாசலுக்கு வந்து காரை நிறுத்தினேன். இறங்கினேன். றோஸ்மேரி படியில் நின்று என்னையே பார்த்தாள். அவள் கண்ணில் தண்ணீர்.

“ஆருக்கு அண்ணை கதவைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறியள்?”

அவள் கேட்ட பிறகுதான் எனக்கே தெரிந்தது. நான் என் சீற்றின் முதுகை முன்னால் மடித்து, ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டு, ஒதுங்கி நின்றேன். இரண்டு கதவுக் காரில் பின்னால் இருப்பவர் இறங்க வேண்டுமென்றால் முன்னால் இருப்பவர் அப்படித்தான் செய்ய வேண்டும். முன்சீற்றை மடிக்காவிட்டால் பின்னால் இருப்பவர் வெளியே வர ஏலாது. எவ்வளவு நேரம் அப்படி நின்றேனோ தெரியாது.

யாரும் இறங்கவில்லை.

குசினியில் றோஸ்மேரி தேத்தண்ணி தந்தாள். டனிஸ்ரன் கராஜிலேயே நின்றுவிட்டான். அவள் குரலைத் தணித்துச் சொன்னாள். பாதிக் கதை எனக்கு முன்னமே தெரிந்த கதைதான்.

றெபேக்கா ஏழு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். சினேகிதப் பெட்டைகளோடு பிரெஞ்சில் கதைப்பாள், தாயோடு ஆங்கிலத்தில் சண்டை பிடிப்பாள், தகப்பனோடு மட்டும் தமிழ். ஒவ்வொரு நாளும் பார்வையாளர் நேரம் முடிய டனிஸ்ரன் குனிந்து “போட்டு வாறன் பிள்ளை” என்பான். அவள் “ஓம் அப்பா, போட்டு வாங்கோ” என்பாள். சுகமாகி வீட்டுக்கு வரும் நாளில் அந்தக் காரில்தான் வருவேன் என்று அவனிடம் வாக்கு வாங்கி வைத்திருந்தாள். பின் சீற்றில் காலை நீட்டிக்கொண்டு, கூரையைத் திறந்துவிட்டு. கார் வேலை முடிந்து வந்தது அவளை அடக்கம் செய்து பதினோராம் நாள்.

செத்த வீட்டிலிருந்து எழும்பும்போது எங்கள் ஆட்கள் யாரும் ‘போட்டு வாறன்’, அதாவது போய்விட்டு வருகிறேன், என்று சொல்ல மாட்டார்கள். கிறிஸ்தவ வேதக்காரரும் அப்படித்தான், சைவக்காரரும் அப்படித்தான். சொல்லாமல் எழும்பிப் போய்விட வேண்டும். சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விசயம். ஆனால் அன்றைக்குப் பெட்டி குழிக்குள் இறங்கியபோது டனிஸ்ரன் குனிந்து, ஏழு மாதப் பழக்கத்தில், “போட்டு வாறன் பிள்ளை” என்றான். நான் அவனுக்குப் பக்கத்தில் நின்றேன். என் காதால் கேட்டேன். பக்கத்தில் நின்ற பாடகர் குழு அம்புறோஸ் மாஸ்ரர் அவன் வாயைப் பொத்துவதற்குக் கையை நீட்டினார், அதற்குள் சொல்லி முடித்துவிட்டான். யாரும் அதைப் பற்றிப் பிறகு கதைக்கவில்லை.

“கார் வந்த அண்டைக்கு நேரா கல்லறைக்குத்தான் ஓட்டிக்கொண்டு போனவர், அண்ணை. போய், சீற்றை மடிச்சு, ‘ஏறு பிள்ளை’ எண்டு கதவைப் பிடிச்சுக்கொண்டு நிண்டவராம். அண்டையிலிருந்து கார் இப்பிடிப் பதிஞ்சுதான் நிக்குது.”

“நீங்கள் நம்புறியளோ, தங்கச்சி?”

“அவள் இருக்கிறாளோ இல்லையோ, எனக்குத் தெரியாது. இவர் செத்துப்போவார். அது தெரியும்.”

பெப்ரவரி மாதம், பகல் பதினொரு மணிக்கு, அவள் கோயிலிலிருந்து வந்தபோது கராஜுக்குள் என்ஜின் சத்தம் கேட்டிருக்கிறது. பெரிய கதவு பூட்டியபடி. உள்ளே புகை. டனிஸ்ரன் ஸ்ரியறிங்கில் தலை சாய்ந்து கிடந்தான். முகம் சிவந்து போயிருந்தது. கதவைத் திறந்து, பக்கத்து வீட்டுக்காரனைக் கூப்பிட்டு, பனிக்குள் இழுத்துப் போட்டுத்தான் உயிரைப் பிடித்தார்கள். அம்புலன்ஸ் ஆட்கள் அவன் சாக வெளிக்கிட்டவன் என்று எழுதிக்கொண்டு போனார்கள். அவன் றோஸ்மேரியிடம் மட்டும் உண்மையைச் சொன்னான்.

“‘பிள்ளைக்குக் குளிருது, ஹீற்றர் போட்டனான்’ எண்டவர். அடுத்த பனி வரமுதல் உந்தக் கார் இந்த வீட்டாலை போகோணும் அண்ணை. ஆரும் வாங்கட்டும், என்ன விலைக்கும் வாங்கட்டும்.”

நான் கார் விற்கிறவன். அதற்கு மேல் எனக்கு என்ன செய்யத் தெரியும்? விளம்பரம் போட்டேன். மூன்றாம் நாளே ஆள் வந்தது. ஜில் என்று ஓய்வுபெற்ற ஒரு கெபெக்காரர், இந்த ஊர்ப் பிரெஞ்சுக்காரர். வீட்டில் இதேமாதிரி இன்னும் இரண்டு கார் வைத்திருக்கிறவர். காரைச் சுற்றி வந்து ஒவ்வொரு மூலையிலும் பெருமூச்சு விட்டார். தனியாக ஓட்டிக்கொண்டு போய் அரை மணித்தியாலத்தில் திரும்பி வந்தார். இறங்கினார். சீற்றை முன்னால் மடித்தார். தலையை லேசாகக் குனிந்து, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார், மரியாதை தெரிந்த மனிதர் ஒரு பெண்ணுக்குப் பிடிக்கிறமாதிரி.

றோஸ்மேரி என் கையை இறுக்கிப் பிடித்தாள். ஜில் கொஞ்ச நேரத்தில் தன்னைத் தானே பார்த்துச் சிரித்துவிட்டுக் கதவைச் சாத்தினார். கார் பிடித்துவிட்டது, ஹீற்றர்ப் பிடியை மட்டும் நானே பார்த்துக்கொள்வேன் என்றார். சனிக்கிழமை இரண்டு மணிக்கு இழுவை வண்டியோடு வருவதாக முடிவாயிற்று.

டனிஸ்ரன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். ஜில் போன பிறகு விற்பனைக் கடதாசியை நீட்டினேன்.

“இப்ப ஒப்பம் வைக்கேலாது” என்றான்.

“ஏனடா?”

“பிள்ளையோடை சேத்துக் காரை விக்கேலாது, யோகன். அவளை இறக்கிவிடோணும்.”

எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றவர்களில் நானும் ஒருவன் அல்லவா?

“எப்பிடி இறக்கிறது?”

“நான் வாறன் எண்டு சொன்னனான். அவள் அதைப் பிடிச்சுக்கொண்டு இருக்கிறாள். கல்லறைக்குக் கொண்டுபோய் விட்டிட்டு, நான்தான் சொல்லோணும்.” என்ன சொல்ல வேண்டும் என்பதை அவன் அப்போது வாயால் சொல்லவில்லை. சொன்னால் முடிந்துவிடும் என்று பயந்தான்.

சனிக்கிழமை பத்து மணிக்குப் புறப்பட்டோம். பெப்ரவரிக்குப் பிறகு டனிஸ்ரனைக் கார் ஓட்டக்கூடாது என்று டொக்டர் தடுத்திருந்ததால் நான்தான் ஓட்டினேன். அவன் எனக்குப் பக்கத்தில். பின்னால் ஏறுவேன் என்று றோஸ்மேரி அடம்பிடித்தாள்.

“பிள்ளை கடைசியாப் போகேக்கை தனிய இருக்க விடமாட்டன்.”

கூரையைத் திறந்துவிட்டோம். மரங்களில் புதுத் துளிர். சனம் குடும்பம் குடும்பமாகச் சைக்கிளில் போனது. ஒரு சிவப்பு விளக்கில் நின்றபோது, எவ்வளவு மனதைக் கட்டியும் கேட்காமல், கண்ணாடியில் பார்த்தேன்.

றோஸ்மேரி இடதுபக்கம் இருந்தாள். அவளுடைய வலது கை, பக்கத்தில் இருக்கிற ஒருவரின் தோளைச் சுற்றிப் போட்டபடி அந்தரத்தில் நின்றது. நெடுநேரம் அப்படியே நின்றது, ஆனால் களைக்கவில்லை. அவள் தோளில் போட்டிருந்த சால்வை ஓர் இடத்தில் மட்டும் அமுங்கிக் கிடந்தது. ஒரு தலை சாய்கிற அளவு இடம்.

பச்சை விழுந்ததுகூட எனக்குத் தெரியவில்லை. பின்னால் நின்றவன் ஹோர்ன் அடித்தான்.

மலைச் சரிவில் அந்தக் கல்லறைத் தோட்டம். புல்லெல்லாம் மஞ்சள் பூ. றெபேக்காவின் கல்லுக்குக் கிட்டக் காரை நிறுத்தி என்ஜினை அணைத்தேன். எங்கேயோ புல் வெட்டும் மெசின் சத்தம். அதுவும் நின்றுவிட்டது.

டனிஸ்ரன் இறங்கினான். தன் சீற்றை மடித்தான். கதவைப் பிடித்தான். அவன் நின்றது வலதுபக்கம். றோஸ்மேரி அந்தப் பக்கத்தால் இறங்கவில்லை. நான் இறங்கி ஒதுங்க, என் பக்கத்தால், என் சீற்றை மடித்துத்தான் இறங்கினாள். வலதுபக்க வழியை மகளுக்கு விட்டிருந்தாள்.

“இறங்கு பிள்ளை” என்றான் டனிஸ்ரன்.

வெள்ளைத் தோல் சீற்றில் ஒரு பள்ளம் இருந்தது. அதை நான் இப்போதுதான் பார்த்தேன்.

“இறங்கு ராசாத்தி. அப்பா பிழையாச் சொல்லிப்போட்டன். அப்பா போறன்.” அவன் குரல் உடைந்தது. கதவை விட்டுவிடுவான் என்று நினைத்தேன், விடவில்லை. “இனி வரமாட்டன். நீ காத்துக்கொண்டு இருக்காதை. போறன் பிள்ளை.”

‘போறன்’ என்பது எங்கள் பேச்சில் பிள்ளைக்குச் சொல்லக் கூடாத சொல். சண்டை பிடித்துக்கொண்டு போகிறவன்கூடச் சொல்லத் தயங்குவான். அதை அவன் பெற்ற பிள்ளைக்குச் சொன்னான். எனக்கு அழுகை வந்தது. நான் அழுதேன், அதில் எனக்கு வெட்கமில்லை.

கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை.

பிறகு சீற்றின் பள்ளம் மெல்ல மெல்ல நிரம்பியது.

ஸ்பிரிங் ஒருமுறை முனகியது. காரின் வலது மூலை, இரண்டு விரல் அளவு, மேலே எழும்பியது.

ஹீற்றர்ப் பிடி ‘டக்’ என்று குளிர்ப்பக்கம் விழுந்தது.

பவுடர் வாசம் என்னைத் தாண்டிப் போனது. ஆட்கள் கிட்டத்தால் நடந்து போகும்போது காற்று அசையுமே, அவ்வளவுதான் அசைந்தது. டனிஸ்ரன் சீற்றை நிமிர்த்தி, கதவைச் சாத்தி, கல்லறைப் பக்கம் திரும்பாமல் காருக்குள் ஏறி இருந்தான். திரும்பிப் பார்க்கக் கூடாது என்பது அவனுக்குத் தெரியும். இந்தத் தடவை எல்லாவற்றையும் சரியாகச் செய்தான்.

றோஸ்மேரி வரவில்லை. அவள் கல்லுக்கு முன்னால் நின்று மெழுகுதிரியை நேராக்கினாள். பூவை நேராக்கினாள். நேராக்க இனி ஒன்றுமில்லை என்ற பிறகும் நின்றாள். இரண்டு மணிக்கு ஜில் வந்துவிடுவார் என்ற யோசனையில் நான் அவளைக் கூப்பிடப் போனேன். நான் கிட்டப் போகும்போது அவள் குனிந்திருந்தாள்.

“போட்டு வாறன் குஞ்சு” என்றாள்.

மிக மெல்லச் சொன்னாள். பழக்கத்தில் வாயால் வழுகி விழுந்ததோ, தெரிந்தேதான் சொன்னாளோ, இன்றுவரை எனக்குத் தெரியாது.

அதற்குப் பதில் வந்தது.

“ஓம் அம்மா.”

நித்திரையால் எழும்பின பிள்ளையின் குரல். புல்லிலிருந்து வந்ததோ, என் தோளுக்குப் பக்கத்தில் வந்ததோ தெரியாது. றோஸ்மேரி நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் கேட்டுவிட்டேன் என்று அவளுக்குத் தெரிந்தது. அவள் முகத்தில் ஒரு அமைதி இருந்தது. பிள்ளை ஆஸ்பத்திரியில் படுத்த நாளிலிருந்து அந்த முகத்தில் அதை நான் பார்த்ததில்லை.

அந்த இடத்தில் நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ‘தங்கச்சி, சொன்னதை மாத்திப் போறன் எண்டு சொல்லுங்கோ’ என்று கையைப் பிடித்து நிறுத்தியிருக்கலாம். டனிஸ்ரனைக் கூப்பிட்டிருக்கலாம். ஆனால் கார் எழும்பிவிட்டது, அவன் ஏறி இருந்துவிட்டான், வாங்குகிற ஆள் வழியில் வந்துகொண்டிருப்பார். நான் வாயை மூடிக்கொண்டு மணிக்கூட்டைப் பார்த்தேன். விற்கிறவன் புத்தி.

ஜில் சொன்ன நேரத்துக்கு வந்தார். காரை இழுவை வண்டியில் ஏற்றினார். இரண்டு கிழமை கழித்து அவருக்குப் போன் எடுத்து விசாரித்தேன். கார் நாலு மூலையும் ஒரே மட்டத்தில் நிற்கிறது, ஹீற்றர் சரியாக வேலை செய்கிறது, நீங்கள் நல்ல மெக்கானிக் என்று புகழ்ந்தார். ஸ்பிரிங்கைத் தொட்டும் பார்க்காத நான் நன்றி சொல்லிப் போனை வைத்தேன்.

டனிஸ்ரன் தேறினான். இதைச் சொல்லத்தான் வேண்டும். வேலைக்குத் திரும்பினான். கன்னத்தில் கொஞ்சம் சதை போட்டது. ஞாயிறு பூசையில் மறுபடியும் பாடினான். கராஜில் தட்டு அடித்து வெங்காயமும் அரிசியும் அடுக்கி வைத்தான். ஒக்ரோபரில் ஜான்-டலோன் சந்தையில் பூசணிக்காய்க் குவியலுக்குப் பக்கத்தில் அவனைக் கண்டேன்.

“றோஸ்மேரி எப்பிடி?”

“அவவுக்குத்தான் கொஞ்சம் ஏலாது. நெஞ்சுச்சளி பிடிச்சு ஒரு கிழமை படுத்திட்டா. சொல்வழி கேக்கிறேல்லை, யோகன். கிழமைக்கு ரெண்டு தரம் கல்லறைக்குப் போறா. நான் காரிலை கூட்டிக்கொண்டு போறன் எண்டாலும் வேண்டாமாம். பஸ்ஸிலைதான் போவாவாம். மாறி மாறி ஒண்டரை மணித்தியாலம்.” பிறகு சிரித்துக்கொண்டு, “வயசு போக எல்லாருக்கும் ஒரு விசர்” என்றான்.

நான் பூசணிக்காயைத் தட்டிப் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்போதும் சொல்லவில்லை.

நவம்பர் கடைசி ஞாயிறு. பகல் மூன்று மணி. அந்த வருடத்தின் முதல் பெரிய பனி கொட்டியது. பியர்பொன்ட்ஸ் பெரிய தெருவில் ஊர்ந்து வந்தேன். ஒரு பஸ் தரிப்பில் றோஸ்மேரியைக் கண்டேன்.

சேலைக்கு மேல் மெல்லிய கம்பளிச் சட்டை மட்டும் போட்டிருந்தாள். கையுறை இல்லை. தலையில் பனி கட்டியாய்க் கிடந்தது. அவளுடைய தடித்த கறுப்புக் கோட் வாங்குப் பலகையில் அவளுக்குப் பக்கத்தில் இருந்தது.

காரை ஒதுக்கிக் கண்ணாடியை இறக்கினேன்.

“தங்கச்சி, என்ன விளையாட்டு இது? கோட்டைப் போட்டுக்கொண்டு ஏறுங்கோ. விறைச்சுச் செத்துப்போவியள்!”

அவள் விரலை உதட்டில் வைத்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது.

“மெல்லக் கதையுங்கோ அண்ணை. இவளுக்கு இப்பதான் சூடு ஏறுது.”

கோட்டைப் பார்த்தேன்.

அது மடித்து வைத்த கோட் இல்லை. நிமிர்ந்து இருந்தது. கழுத்துவரை எல்லாப் பொத்தானும் பூட்டியிருந்தது. தொப்பி மேலே இழுத்துவிடப்பட்டு, அதைச் சுற்றி மவுளர் கட்டியிருந்தது. கோட்டின் கை இரண்டும் மடியில். தொப்பிக்குள் ஒன்றுமில்லை.

“டனிஸ்ரன் பாவம். அவர் எவ்வளவு காலம் தூக்குவார்?” என்றாள் றோஸ்மேரி. பல் கிட்டிப்போய்ச் சொற்கள் உடைந்து வந்தன. “நான் பெத்தனான்தானே. என்னாலை ஏலும். நீங்கள் போங்கோ அண்ணை. நாங்கள் பஸ்ஸிலை வாறம்.”

“றோஸ்மேரி, கேளுங்கோ. அண்டைக்கு நான் சொல்லியிருக்கோணும்…”

“நீங்கள் ஒண்டும் சொல்லாததுக்குத்தான் நன்றி” என்றாள்.

பஸ் வந்து என் காருக்குப் பின்னால் ஹோர்ன் அடித்தது. நான் முன்னால் எடுத்து நிறுத்தி, இறங்கி ஓடுவதற்குள் கதவு மூடிவிட்டது. தரிப்பில் வாங்கு வெறுமையாகக் கிடந்தது. மறுபடியும் ஏறி, அடுத்த விளக்குவரை துரத்திப் போய், பஸ்ஸுக்குப் பக்கத்தில் நின்றேன்.

யன்னலுக்குள் இருவரும் அருகருகே இருந்தார்கள். றோஸ்மேரி கண்ணை மூடிக் கண்ணாடியில் சாய்ந்திருந்தாள். அவள் நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்த்தேன். கண்ணாடியில் பனிப்புகை படிந்து தெரியவில்லை. நான் கத்தினேன். அவள் பெயரைச் சொல்லிக் கத்தினேன். பஸ்ஸுக்குள் யாரும் திரும்பவில்லை.

கறுப்புக் கோட்டின் கை மெல்ல எழும்பியது. அது றோஸ்மேரியின் தலைமயிரில் கிடந்த பனியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டிவிட்டது.